திட்டம் போடுவோரும் தொண்டு செய்வோரும்

(பொன்விழாக் கருத்தரங்கில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு "நாட்டு நலப் பணியில் நம் பங்கு" என்பதாகும். மிக அகலமான தலைப்பு. இதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசிவிட்டு, யாருக்கும் எந்த வேலையும் வைக்காமல் மேடையை விட்டு இறங்கிவிடலாம். அப்படிச் செய்ய எனக்கு மனமில்லை. ஆகவே அதிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறேன். மாநில அரசில் திட்டமிடுவதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. தொண்டு செய்ய முன்வருவோரைத் திரட்டிப் பழக்கி அனுப்புவதற்கும் ஏற்பாடுகள் இருக்கின்றன. இவை எவ்வாறு வேலை செய்கின்றன, இவற்றுக்கும் நமக்கும் நடுவில் வழி எங்கே அடைபட்டுக் கிடக்கிறது என்பதே என் பேச்சு.

இதை ஏன் எடுத்தேன் என்று சிலர் நினைக்கலாம். திங்கட்கிழமை காலையில் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து உட்கார்ந்து பாருங்கள். "சாமி, எங்க தெருவுக்கு ஓடை வேணும், ஒரு கடிதம் தாருங்க" என்று ஒருவர் வருவார். விதவை உதவித்தொகை நின்றுபோயிற்று என்று ஒரு தாய் வருவார். சானல் உடைந்து வயலில் தண்ணீர் நிற்கிறது என்று நாலு பேர் சேர்ந்து வருவார்கள். எல்லாருக்கும் வேண்டியது பங்குத்தந்தையின் கையெழுத்தும் கோவில் முத்திரையும். நானும் எழுதித் தருகிறேன். இல்லையென்று சொல்லி அனுப்ப மனம் வருவதில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடிதத்துக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. அதை வாங்குகிற அதிகாரி மரியாதைக்காக வாங்குகிறார், கோப்பில் வைக்கிறார், அவ்வளவே. சட்டத்தில் மதிப்புள்ள காகிதம் வேறொன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் மேலே இருப்பதைப் பார்ப்போம். சென்னைச் சேப்பாக்கத்தில், கடற்கரைச் சாலையில், எழிலகம் என்ற பெரிய கட்டடம் உண்டு. அங்கேதான் மாநிலத் திட்டக் குழு இருக்கிறது. 1971-இல் அமைக்கப்பட்டது. முதலமைச்சர் அதன் தலைவர்; அன்றாட வேலைகளைத் துணைத்தலைவரும் உறுப்பினர்களும் கவனிக்கிறார்கள். 2020-இல் இதற்கு மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழு என்று பெயர் மாற்றினார்கள்; 2021-இல் ஆட்சி மாறியதும் பழைய பெயரே திரும்பி வந்தது. டில்லியிலும் இவ்வாறே நடந்தது. 1950-இல் தொடங்கி ஐந்தாண்டுத் திட்டங்களைத் தீட்டிவந்த திட்டக் கமிஷன் கலைக்கப்பட்டு, அதன் இடத்தில் 2015 ஜனவரி முதல் நிதி ஆயோக் வந்தது. பெயர்ப் பலகை மாறுவதில் நமக்கு அக்கறை வேண்டியதில்லை. ஆனால் சட்டசபை இயற்றிய சட்டத்தால் பிறக்காமல் அரசாணையால் பிறந்த அலுவலகத்தை இன்னோர் அரசாணையால் மாற்றிவிடலாம் என்பதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டக் குழு உங்கள் தெருவுக்கு ஓடை கட்டித் தராது. பணம் ஒதுக்குவதும் அதன் வேலையன்று. அது நிதித் துறையின் வேலை. திட்டக் குழு ஆராய்கிறது, எண்ணிப் பார்க்கிறது, அரசுக்கு ஆலோசனை சொல்கிறது. எண்ணிப் பார்ப்பது சிறிய காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. "காலையில் உப்புமா போட்டால் பிள்ளை படித்துவிடுமா?" என்று நம்மில் சிலரே கேலி பேசினோம். திட்டக் குழுவினர் பள்ளிப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். 1,543 பள்ளிகளில் 1,319 பள்ளிகளில் பிள்ளைகளின் வருகை கூடியிருந்தது. 2023 ஆகஸ்டில் அத்திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 2024 ஜூலை 15-ஆம் தேதி ஊரகப் பகுதிகளில் உள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. அந்தத் தொடக்க விழா நடந்தது திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாள் பெயரால் நடக்கும் பள்ளியில். நகரங்களில் உள்ள உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில் மயிலாப்பூர் புனித சூசையப்பர் பள்ளியில் தொடங்கி வைத்தார்கள். நம் பள்ளிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக் கணக்கெடுத்த உழைப்பும் இருக்கிறது.

ஆனால் சேப்பாக்கம் இங்கிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர். அங்கே இருப்பவருக்கு நம் சானல் உடைந்தது எப்படித் தெரியும்? மாவட்டத்திலிருந்து வரும் அறிக்கையைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும். மாவட்டத்துக்கு யார் சொல்லுவார்? வட்டாரம் சொல்லும். வட்டாரத்துக்கு யார் சொல்லுவார்? இந்த இடத்தில்தான் நம் அண்டை மாநிலத்தை நான் இழுக்க வேண்டியிருக்கிறது.

1956 நவம்பர் 1 வரை நம் கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தோடு இருந்தது. இன்றும் நம்மில் பலருக்கு அக்கரையில் சம்பந்தி வீடு உண்டு. ஆகவே கேரளத்தைப் பற்றிப் பேசுவது அந்நிய நாட்டுக் கதையாகாது. அங்கே மாநிலத் திட்ட வாரியம் 1967-இலேயே அமைந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் அதுவும் எல்லா அலுவலகங்களையும் போலவே மேலிருந்து கீழே எழுதிக்கொண்டிருந்தது. 1996 ஆகஸ்டில்தான் புதுமை நடந்தது. அரசு தன் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவிகிதத்தை ஊராட்சிகளிடமும் நகராட்சிகளிடமும் கொடுத்துவிட்டு, "நீங்களே திட்டம் தீட்டுங்கள்; எப்படித் தீட்டுவது என்று நாங்கள் கற்றுத் தருகிறோம்" என்றது. மக்கள் திட்ட இயக்கம் என்று அதற்குப் பெயர்.

கேட்க நன்றாக இருக்கிறது. நடத்துவது எவ்வளவு சிரமம் என்பதை எண்ணிப் பாருங்கள். நம் பங்கில் தேர்ப் பவனி எந்தத் தெரு வழியாகப் போவது என்று முடிவு செய்யவே மூன்று கூட்டம் ஆகிறது! அங்கே மாநிலம் முழுவதும், வார்டு வார்டாக, விடுமுறை நாட்களில் கிராம சபை கூட்டினார்கள். முதல் சுற்றில் மட்டும் இருபது இலட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். வந்த கூட்டத்தை மேடைக்கு முன் உட்கார வைத்துப் பேச்சுக் கேட்கச் செய்துவிட்டு அனுப்பவில்லை. சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார்கள்: இந்த மரத்தடியில் பயிர்த்தொழில், அந்த வகுப்பறையில் குடிநீர், வராந்தாவில் பெண்கள் முன்னேற்றம், இன்னோரிடத்தில் பட்டியல் சாதியினரின் தேவைகள். ஒவ்வொரு குழுவிலும் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்து, எல்லாரையும் பேச வைத்து எழுதிக்கொண்டார். அந்த ஒருவரை யார் பழக்கினார்கள் என்று கேட்டால், திட்ட வாரியம் பழக்கிற்று. மாநில அளவில் சிலரைப் பழக்கி, அவர்களைக்கொண்டு மாவட்டத்தில் பலரை, அவர்களைக்கொண்டு ஊராட்சிகளில் இன்னும் பலரை என்று அடுக்கடுக்காகப் பயிற்சி நடந்தது. ஓர் அரசு அலுவலகம் கோப்பு எழுதுவதைக் குறைத்துக்கொண்டு ஆசிரியர் வேலை செய்தது.

பிறகுதான் சிக்கல் வந்தது. ஊர்களிலிருந்து வந்த திட்டங்களைப் பிரித்துப் பார்த்தால் பலவற்றில் கணக்கு சரியில்லை. பாலத்துக்கு மதிப்பீடு போட்டவருக்குப் பாலம் கட்டத் தெரியாது. கிணறு வெட்டச் சொன்ன இடத்தில் தண்ணீர் உண்டா என்று பார்க்கவில்லை. அரசுப் பொறியாளர்களோ எண்ணிக்கையில் போதாது. அவர்களில் சிலருக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை. அப்போது திட்ட வாரியம் செய்த ஒரு காரியத்தை நான் மிகவும் மெச்சுகிறேன். ஓய்வு பெற்ற பொறியாளர், மருத்துவர், கல்லூரிப் பேராசிரியர், வேளாண் அலுவலர், வங்கிக்காரர் ஆகியோரைத் தேடிக் கண்டுபிடித்து, "சம்பளமில்லை, ஆனால் உங்கள் மூளை எங்களுக்கு வேண்டும்" என்று அழைத்தது. தன்னார்வத் தொழில்நுட்பப் படை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுத்தார்கள். அவர்களை வட்டார அளவிலும் மாவட்ட அளவிலும் குழுக்களாக உட்கார வைத்து, ஊராட்சித் திட்டங்களைச் சோதித்துத் திருத்தித் தரச் செய்தார்கள். எந்த வேலை தேவை, எது தேவையில்லை என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அது ஊர் முடிவு. கணக்கும் கட்டுமானமும் சரியா என்று பார்ப்பது மட்டுமே அவர்கள் வேலை. எல்லையை இப்படி வரைந்து கொடுத்ததால்தான் அது நடந்தது. படித்தவனை ஊர்க் காரியத்துக்குள் விட்டால், கொஞ்ச நேரத்தில் அவனே தலைவனாகிவிடுவான் என்பது நாம் காணாததா?

எல்லாம் தேன்கூடு என்று நான் சொல்லவரவில்லை. முதல் வேகம் தணிந்த பின் கேரளத்துக் கிராம சபைகளில் கூட்டம் குறைந்தது. வீடும் ஆடும் யாருக்குக் கிடைக்கும் என்று பார்க்க ஏழைகள் வந்தார்கள். வசதியுள்ளோர் வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். 2001-இல் ஆட்சி மாறியதும் இயக்கத்துக்கு வேறு பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் ஊராட்சிகளுக்குப் பணம் கொடுப்பது நிற்கவில்லை. ஏனென்றால் அதற்குள் அது சட்டத்தில் ஏறிவிட்டது, மக்களுக்கும் பழகிவிட்டது.

இனித் தொண்டர்கள் பக்கம் வருவோம். "தொண்டர்" என்ற நல்ல சொல்லை நம் கட்சிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. அதனால்தான் போலும், அரசுத் தாள்களில் "தன்னார்வலர்" என்று எழுதுகிறார்கள். சொல் எதுவானாலும் ஆள் ஒருவரே.

2018 ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் கொண்டுபோனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். 669 படகுகளில் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் சென்று, 65,000 பேரைக் காப்பாற்றினார்கள் என்பது கணக்கு. அவர்களில் பலர் நம்மைப் போலவே கடலோரப் பங்குகளைச் சேர்ந்தவர்கள். கோவில் மணி அடித்து ஆள் திரட்டிய ஊர்கள் உண்டு. நாளுக்கு மூவாயிரம் ரூபாயும் எரிபொருளும் தருகிறோம் என்று அரசு அறிவித்தபோது, உயிரைக் காப்பாற்றியதற்குக் கூலி வேண்டாம் என்று சொன்னவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

இதைப் போற்றிப் பேசி முடித்துவிடுவது எளிது. அங்குள்ள அரசு ஒரு படி மேலே யோசித்தது. படகு வந்தது சரி. அடுத்த முறை வராவிட்டால்? யாரிடம் படகு இருக்கிறது, யாருக்கு நீந்தத் தெரியும், யார் முதலுதவி கற்றவர் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா? அதற்காக 2020 ஜனவரியில் சமூக சன்னத்த சேனை என்றோர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். நூறு பேருக்கு ஒரு தன்னார்வலர் வீதம் 3,40,000 பேர் என்பது குறி. ஏற்படுத்தி மூன்று மாதம் ஆகுமுன்னே கொரோனா வந்துவிட்டது. ஊராட்சிக்கு 200 பேர், நகராட்சிக்கு 500 பேர், மாநகராட்சிக்கு 750 பேர் என்று கணக்கிட்டு, 22 வயது முதல் 40 வயது வரை உள்ளவர்களை அழைத்தார்கள். அடையாள அட்டையும் பயணச் செலவும் உள்ளாட்சிகள் தரும் என்று அறிவித்தார்கள். பயணச் செலவு என்பதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். தொண்டுக்கு வருகிறவன் பெட்ரோலுக்குக் கடன் வாங்கினால், மறு வாரம் வரமாட்டான். அடையாள அட்டை இல்லாதவனைப் போலீஸ்காரர் முக்கில் நிறுத்தித் திருப்பி அனுப்புவார். உதவி செய்ய விரும்பும் மனம் தானாக வரும். அட்டையும் பயணப்படியும் பயிற்சியும் காப்பீடும் தானாக வராது. அவற்றுக்குத்தான் அலுவலகம் வேண்டும்.

நம் பக்கத்தில் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தது. கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர், திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்பதில் முதல் நாட்களில் ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள். அப்போது கடற்கரைப் பங்குகளில் வீடு வீடாகப் போய் எடுத்த பட்டியல்தான் நம்பத்தக்கதாக நின்றது. தேடப்போனவர்களிலும் நம் மீனவர்கள் முன்னே நின்றார்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் "ஆபத்து மித்திரர்" என்ற திட்டத்தை 2016-இல் தொடங்கி, பிறகு நாடெங்கும் 350 மாவட்டங்களில் ஓர் இலட்சம் பேர் என்று விரித்தது. பன்னிரண்டு நாள் பயிற்சி, மீட்புக் கருவிப் பை எல்லாம் அதில் உண்டு. அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் நம் பங்கில் எத்தனை பேர் என்று பேரவைச் செயலரைக் கேட்டேன். அவர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு வகைத் தொண்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். இதில் என் கருத்து எல்லாருக்கும் பிடிக்காது. 2021 அக்டோபரில் நம் மாநில அரசு "இல்லம் தேடிக் கல்வி" தொடங்கிற்று. கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்த காலத்தில் பிள்ளைகள் மறந்துபோன எழுத்தையும் கணக்கையும் மாலை நேரத்தில் தெருவிலேயே சொல்லிக் கொடுக்கும் திட்டம். ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். நம் பங்கிலும் கோவில் மண்டபத்திலும் வீட்டு முற்றத்திலும் சில சகோதரிகள் நடத்தினார்கள். பயன் இருந்ததா? பொருளாதார அறிஞர்கள் ஊர்ப்புறப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்ததில், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்தில் மீண்டுவிட்டது, அந்த மீட்சியில் 24 சதவிகிதம் இத்திட்டத்தால் வந்தது என்று கண்டார்கள். இவ்வளவு பெரிய பயன் மிகக் குறைந்த செலவில் கிடைத்தது என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

மிகக் குறைந்த செலவு என்பது உண்மைதான். மாதம் ஆயிரம் ரூபாய். நாள்தோறும் மாலை ஒன்றரை மணி நேரம், இருபது பிள்ளைகள், ஆயிரம் ரூபாய். ஊக்கத்தொகை என்று அதற்குப் பெயர். பேரிடர் வந்த ஆண்டில் இதைத் தொண்டு என்று சொல்வதை நான் ஏற்கிறேன். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் செய்யும் வேலையைத் தொண்டு என்று எவரும் அழைக்கக் கூடாது. அது வேலை, அதற்குச் சம்பளம் உண்டு. பட்டம் பெற்ற ஒரு பெண்ணை, பெண் என்பதாலும் வேறு வேலை கிடைக்கவில்லை என்பதாலும், "தன்னார்வலர்" என்று அழைத்து ஆயிரம் ரூபாய் கொடுப்பதைத் திட்டமிடுவோர் சிக்கனம் என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாகாது. கிராமங்களில் ஆஷா பணியாளர்களுக்கும் 2005 முதல் இதே கதை. இதை அரசுக்கு மட்டும் சொல்லவில்லை. கோவில் நடத்தும் காரியங்களிலும் "சேவை" என்ற சொல்லுக்குப் பின்னால் யாருடைய கூலி ஒளிந்திருக்கிறது என்று பேரவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, சட்டத்தில் மதிப்புள்ள காகிதம் எது என்று கேட்டிருந்தேன் அல்லவா? கிராம சபைத் தீர்மானம். 1992-இல் நிறைவேறிய 73-ஆம், 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தங்களும், நம் மாநிலத்தின் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமும் கொடுத்த உரிமை அது. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டம் கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். ஊராட்சித் திட்டங்களையும் நகரத் திட்டங்களையும் சேர்த்து மாவட்டத் திட்டம் ஆக்குவதற்கு மாவட்டத் திட்டக் குழு உண்டு. அதன் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள் உள்ளாட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். ஆக, சானல் உடைந்த செய்தி சேப்பாக்கம் போய்ச் சேர அரசியல் சட்டமே ஒரு பாதை போட்டிருக்கிறது.

பாதை அடைபட்ட இடம் எது என்றால், தேர்தல். 2016 அக்டோபரில் நம் மாநிலத்து உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊராட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். மூன்றாண்டு தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். மறுபடி 2025 ஜனவரியில், நம் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில், அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லையென்றால் மாவட்டத் திட்டக் குழுவில் உட்கார ஆள் ஏது? கேரளத்திலோ 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் தவறவில்லை; கொரோனா நடுவிலும் 2020 டிசம்பரில் நடத்தினார்கள். இதில் ஒரு கட்சியைக் குறை சொல்லப் போனால் எல்லாக் கட்சியையும் சொல்ல வேண்டிவரும். அது இந்த மேடைக்கு ஏற்றதன்று. ஆயினும் தேர்தல் இல்லாத நாளிலும் கிராம சபை கூடுகிறது. தனி அலுவலர் காலத்திலும் அது நடந்தது. அதற்கு நீங்கள் போகலாம், பேசலாம், தீர்மானம் எழுதச் சொல்லலாம்.

போகிறீர்களா? போவதில்லை. காரணம் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். நாட்காட்டியைப் பாருங்கள். கிராம சபை கூடும் நாட்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. பிறகு சேர்க்கப்பட்டவை மார்ச் 22, நவம்பர் 1. ஆகஸ்ட் 15 நமக்கு என்ன நாள்? மாதா விண்ணேற்புப் பெருவிழா. நவம்பர் 1? புனிதர் அனைவர் பெருவிழா. மே 1 தொழிலாளரான சூசையப்பர் திருநாள். கிராம சபை வழக்கமாகக் காலை 11 மணிக்குக் கூடும். அந்த நேரத்தில் நீங்கள் பாடற்பலி முடிந்து அன்னதானப் பந்தியில் இருக்கிறீர்கள்! பக்கத்துத் தெருவில் ஊரின் ஓராண்டுச் செலவு வாசிக்கப்படுகிறது.

ஆகவே பேரவையோடு கலந்து ஒரு முடிவு செய்திருக்கிறோம். இவ்வாண்டு முதல் ஆகஸ்ட் 15 அன்றும் நவம்பர் 1 அன்றும் பெருவிழாத் திருப்பலி காலை 6.30-க்கு. தேர்ப் பவனியும் அன்னதானமும் மாலையில். மூத்தவர்கள் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு என்று அறிவேன். ஐம்பது ஆண்டு வழக்கம் என்கிறார்கள். மாதாவின் தேர் மாலையில் விளக்கு வெளிச்சத்தில் வந்தால் இன்னும் அழகாகத்தான் இருக்கும்.

கிராம சபையில் நான் வந்து முன்வரிசையில் உட்காரமாட்டேன். நீங்களும் பங்கு மக்கள் என்று கூட்டமாகப் போய் ஒரு பக்கமாக உட்காராதீர்கள். அது கோவில் கூட்டமன்று. நம் தெருவுக்கு அடுத்த தெருவில் இந்து வீடுகள், அதற்கப்பால் முஸ்லிம் வீடுகள். ஓடைத் தண்ணீர் மூன்று தெருவிலும் ஒரே ஓடையில்தான் ஓடுகிறது. அந்த மூன்று தெருக்காரரும் முந்தின வாரமே டீக்கடையிலாவது உட்கார்ந்து பேசி, ஒரே கோரிக்கையாகக் கொண்டுபோனால் அதற்கு வலு. நமக்கு மட்டும் கேட்டால் கிடைக்கவும் செய்யாது, கிடைத்தாலும் பகைதான் மிஞ்சும்.

இன்னும் சில நடைமுறைகள். குறைவெண் வரம்பு உண்டு: 501 முதல் 3,000 வரை மக்கள் உள்ள ஊராட்சிக்கு 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். அந்த எண்ணிக்கை வராமலே கூட்டம் நடந்ததாகக் கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தால் போடாதீர்கள். வாயால் சொல்லிவிட்டு வராமல், கோரிக்கையைத் தாளில் எழுதி, இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தீர்மானம் என்ன எண்ணில் பதிவாயிற்று என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடு வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போகிறவருக்கு நாற்காலி கிடைக்கும். பேரூராட்சிப் பகுதியில் குடியிருக்கும் நம் மக்களுக்குக் கிராம சபை கிடையாது. அவர்களுக்கென 2022 முதல் பகுதி சபை என்று வந்திருக்கிறது. அதுவும் பெயருக்கு நடக்கிறதா, நிஜமாக நடக்கிறதா என்று அங்குள்ள அன்பியங்கள் விசாரிக்க வேண்டும்.

கடைசியாக, ஓய்வு பெற்றவர்களுக்கு. இந்த மண்டபத்திலேயே பொதுப்பணித் துறையில் இருந்தவர், மின்வாரியத்தில் இருந்தவர், அரசு மருத்துவமனைச் செவிலியர், தலைமையாசிரியர், வங்கி மேலாளர், கப்பலில் வேலை பார்த்தவர் என்று பலர் இருக்கிறீர்கள். கேரளத்தார் தேடிப் பிடித்த அதே ஆட்கள். நம் மாநிலத் திட்டக் குழு உங்களைத் தேடி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் சானலுக்கு ஊராட்சி போட்ட மதிப்பீட்டை வாசித்து, அதில் எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை மீட்டர் நீளம் என்று சாதாரணத் தமிழில் ஊருக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் போதும். அதற்கு அரசாணை வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடி இருந்தால் போதும்.

மண்டபத்தின் பின்பக்கம் ஒரு மேசையில் இரண்டு நோட்டுகள் வைத்திருக்கிறோம். ஒன்றில் படகு, ஜீப், மரம் அறுக்கும் இயந்திரம், ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களும், நீந்தத் தெரிந்தவர்களும், முதலுதவிப் பயிற்சி பெற்றவர்களும் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத வேண்டும். மற்றதில் ஓய்வு பெற்றவர்கள் தங்கள் பழைய வேலையை எழுதலாம். பிற மதத்து அண்டை வீட்டாரையும் கேட்டு எழுதுங்கள். எழுதிய பட்டியலின் ஒரு பிரதி தாசில்தார் அலுவலகத்துக்கும், ஒரு பிரதி ஊராட்சிக்கும் போகும். ஒன்று பங்கு இல்லத்தில் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், அதைத் திருத்தி எழுதுவோம். பேனா இரண்டுதான் இருக்கிறது, ஆகவே வரிசையாக வாருங்கள். நோட்டு இரவு பூசை முடியும்வரை அங்கேயே இருக்கும்.